நெடுந்தூர நடைப்பயணத்தில் கேமராவைச் சுமக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

ஒரு நாளில் 25 கி.மீ. நடப்பவர் ஏறத்தாழ 35,000 அடிகள் எடுத்து வைக்கிறார். கடைவீதியில் ஒரு மணி நேரம் கழுத்தில் மாட்டித் திரிந்தபோது சிறிதும் உறுத்தாத அரைக்கிலோ கேமரா, அத்தனை அடிகளுக்கும் மார்பில் தட்டித் தட்டி ஆடும்போது மாலைக்குள் பிடரியையும் தோளையும் இறுக வைத்துவிடுகிறது. மறுநாள் காலையில் அது முதுகுப்பையின் அடியில் துணிகளுக்கிடையே போய்விடும். அதன்பின் வழியில் எத்தனை அழகான காட்சி வந்தாலும், பையை இறக்கித் திறக்கும் சோம்பலில், கைபேசியில் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். பலருடைய கேமரா இப்படித்தான் பயணம் முழுவதும் வெறும் பாரமாகக் கூடவே வருகிறது.

ஆகவே சுமக்கும் முறையை மதிப்பிட இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. கேமராவின் எடை கழுத்தில் இறங்குகிறதா, முதுகுப்பையின் பட்டைகள் வழியாக இடுப்புக்குப் போகிறதா? நடையை நிறுத்தாமல், பையை இறக்காமல், ஒரு கையால் ஐந்து விநாடிக்குள் அதை எடுக்க முடிகிறதா? கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் சரிசெய்வதற்கானதே.

முதல் படி: எடை போடுங்கள், பிறகு குறையுங்கள்

சமையலறைத் தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு, கேமராவோடு தொடர்புள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுங்கள். கேமரா, லென்ஸ், கூடுதல் பேட்டரி, சார்ஜர், கேபிள், லென்ஸ் வடிகட்டி (ஃபில்டர்), உறை, பட்டை, துடைக்கும் துணி என்று எதையும் விடக்கூடாது. கேமராவும் லென்ஸும் மட்டுமே எடை என்று நினைத்திருப்பவருக்கு, மற்ற உதிரிகள் சேர்ந்து அதே அளவுக்கு வருவது பெரும்பாலும் வியப்பாகவே இருக்கும்.

கருவிகளுக்கிடையே உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குச் சில எண்களைப் பார்க்கலாம். பேட்டரியும் கார்டும் சேர்த்து ரிக்கோ ஜிஆர் 3 கேமராவின் எடை 257 கிராம். ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100வி 478 கிராம். சோனி ஏ6400 கேமராவோடு அதன் சிறிய 16-50 ஜூம் லென்ஸையும் சேர்த்தால் 519 கிராம். நிக்கான் டி850 கேமராவில் 24-70 எஃப்2.8 விஆர் லென்ஸைப் பொருத்தினால் அது இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். முதல் மூன்றில் எதையும் சரியான இடத்தில் மாட்டிவிட்டால் அது இருப்பதே மறந்துபோகும். நான்காவதை எங்கே மாட்டினாலும் மறக்க முடியாது. அதற்கு உடலிலும் பையிலும் தனியாக ஒரு திட்டமே வேண்டும்.

பெரிய கேமராவை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்வது எளிது. படம் எடுப்பதற்காகவே நடக்கிறவரிடம் அதைச் சொல்வதில் பொருளில்லை. ஆனால் நடப்பதற்காக வந்து, வழியில் படமும் எடுக்க விரும்புகிறவர் என்றால், ஒரு கேமரா, ஒரு லென்ஸ் என்ற எல்லைக்குள் நிற்பது நல்லது. இரண்டாவது லென்ஸ் தன் எடையை மட்டும் கொண்டுவருவதில்லை. அதற்கு ஓர் உறை, அதை மாற்றுவதற்கு ஒரு நிறுத்தம், மாற்றும்போது உள்ளே போகும் தூசி, அந்தத் தூசியைத் துடைக்கும் கருவி என்று ஒரு குடும்பமே பின்னால் வரும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கேமராவின் வாய் தரையைப் பார்க்குமாறு பிடித்துக்கொண்டு மாற்றுங்கள்.

முழு அளவு ட்ரைபாடையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். பாறை மீது முதுகுப்பையைப் படுக்க வைத்து, அதன்மேல் மடித்த சட்டை ஒன்றைப் போட்டுக் கேமராவை அமர்த்தி, இரண்டு விநாடி டைமரில் எடுத்தால் அந்தி வெளிச்சப் படங்கள் அசைவின்றி வரும். சில நடைக்கோல்களின் கைப்பிடிக்குள் கால் அங்குலத் திருகு மறைந்திருக்கும். கேமராக்களின் அடியில் உள்ள துளையும் அதே அளவுதான் என்பதால், கோலை ஒற்றைக்கால் தாங்கியாகப் பயன்படுத்தலாம்.

இரண்டாம் படி: கழுத்துப் பட்டையை ஏன் கைவிட வேண்டும்

கேமராவோடு பெட்டியில் வரும் கழுத்துப் பட்டை, நின்று படம் எடுப்பவருக்காகச் செய்யப்பட்டது. நடப்பவரிடம் அது இரண்டு விதமாகத் தொல்லை கொடுக்கிறது. எடை முழுவதும் பிடரியின் ஒரு சிறு கீற்றில் இறங்குகிறது என்பது ஒன்று. அதே இடத்தில் முதுகுப்பையின் தோள்பட்டைகளும் அழுத்துவதால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டைகள் ஏறி, வியர்வையோடு சேர்ந்து தோலை உரசிப் புண்ணாக்கும்.

மற்றொன்று ஆட்டம். தொங்கும் எந்தப் பொருளும் ஊசல்தான்; அதன் அலைவு நேரம் தொங்கும் நீளத்தைப் பொறுத்தது. 30 செ.மீ. நீளத்தில் தொங்குவது ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 1.1 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 110 அடி என்ற சாதாரண வேகத்தில் நடப்பவருக்கு, இடது வலது என இரண்டு அடிகள் எடுத்து வைக்கவும் அதே 1.1 விநாடிதான் ஆகிறது. மார்பளவில் தொங்கும் கேமரா நம் நடையோடு ஒத்திசைந்து, ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளிவிடுவதுபோல் ஆட்டத்தை வளர்த்துக்கொண்டே போவதற்கு இதுவே காரணம். பட்டையைச் சற்றுச் சுருக்கினாலும் நீட்டினாலும் இந்த ஒத்திசைவு சிறிது கலையுமே தவிர ஆட்டம் நிற்காது. கேமராவின் அடிப்பகுதியை உடலோடு பிணைத்தால்தான் நிற்கும்.

ஒரு தோளிலிருந்து குறுக்காக இறங்கும் நீளப் பட்டை பிடரியை விடுவிக்கிறது. பை இல்லாமல் நகரத்துக்குள் சுற்றுவதற்கு மிக நன்று. ஆனால் முதுகுப்பை போட்டவருக்கு அது பையின் பட்டைகளோடு சிக்கிக்கொள்ளும். பையின் உள்பக்கமாக மாட்டினால் பையைக் கழற்றினாலும் கேமரா உடலிலேயே இருக்கும், ஆனால் பட்டை அழுந்தி நகராது. வெளிப்பக்கமாக மாட்டினால் எளிதாக நகரும், ஆனால் பையை இறக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் அதைக் கழற்ற வேண்டும். நீண்ட நடைக்கு இரண்டுமே சரிப்படவில்லை.

மூன்றாம் படி: முதுகுப்பையை முதலில் சரியாகப் பொருத்துங்கள்

கேமராவை எங்கே மாட்டுவது என்று பார்ப்பதற்கு முன், அது தொங்கப்போகும் பை சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பயணத்துக்குரிய முழு எடையையும் பையில் ஏற்றிவிட்டு, எல்லாப் பட்டைகளையும் தளர்த்திப் பையை முதுகில் போடுங்கள். முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் பதித்து இறுக்குங்கள். அடுத்துத் தோள்பட்டைகளை, உடலோடு ஒட்டுமளவுக்கு மட்டும் இழுங்கள். பிறகு, தோள்பட்டையின் உச்சியிலிருந்து பையின் மேல்பகுதிக்குச் சாய்வாகப் போகும் சிறு பட்டைகளை மெல்ல இறுக்கிப் பையை முதுகோடு நெருக்குங்கள். கடைசியாக மார்புப் பட்டை. அது மூச்சை அடைக்கக்கூடாது. இப்போது தோளுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும். எடையின் பெரும்பகுதி இடுப்பில் இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இந்த நிலையில் தோள்பட்டையில் மாட்டும் அரைக்கிலோ, தோளை அழுத்துவதைவிடப் பையின் சட்டகத்தின் மீதே அதிகம் சாய்கிறது.

நான்காம் படி: இடத்தைத் தெரிவு செய்யுங்கள்

நடைமுறையில் நான்கு இடங்கள்தான் உள்ளன: தோள்பட்டை, மார்பு, இடுப்பு, பையின் உள்ளே. எல்லோருக்கும் எப்போதும் பொருந்தும் ஒரே இடம் இல்லை. நெடுநடையில் ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கிடையே மாறவேண்டியும் வரும்.

தோள்பட்டைக் கிளிப். பட்டையின் குறுக்கே இரண்டு உலோகத் தகடுகளைத் திருகி இறுக்குவது. கேமராவின் அடியில் பொருத்திய சதுரத் தட்டு அதில் வழுக்கி உள்ளே சென்று பூட்டிக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் விடுபடும். பீக் டிசைன் நிறுவனத்தின் கேப்ச்சர் இந்த வகையில் பரவலாக அறியப்பட்டது. எடுக்கும் வேகத்தில் இதற்கு இணையில்லை. 700 கிராமுக்குள், குட்டையான லென்ஸோடு இருக்கும் கேமராவுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். லென்ஸ் ஒரு சாண் நீளத்தை நெருங்கினால் அது கையின் வீச்சில் இடிக்கத் தொடங்கும். எடையும் பட்டையை முறுக்கித் திருப்பும்.

வாங்குவதற்கு முன் உங்கள் பையின் தோள்பட்டை அகலத்தையும் தடிமனையும் அளந்து பாருங்கள். தடித்த பஞ்சு வைத்த பட்டைகளுக்கு நீளமான திருகுகள் தேவைப்படலாம். கிளிப்பைக் காறை எலும்புக்குக் கீழே நான்கு விரல் தள்ளி, லென்ஸ் தரையைப் பார்க்குமாறு மாட்டுங்கள். அதைவிட மேலே வைத்தால் தலையைத் திருப்பும்போது முகவாயில் இடிக்கும், கீழே வைத்தால் கேமரா ஆடும். வழக்கமாகப் படம் எடுக்கும் கை வலது என்றால், கிளிப்பை இடது பட்டையில் வைப்பதே வசதி. வலக்கை குறுக்கே போய்க் கேமராவின் பிடியை நேராகப் பற்றும், இடக்கை பொத்தானை அழுத்தும். ஒரே கையால் எடுத்துப் பழக விரும்புகிறவர் வலப்பட்டையில் வைத்துப் பார்க்கலாம்.

கிளிப்பின் பலவீனம் தட்டின் திருகு. நடையின் அதிர்வில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். கேமரா கீழே விழும் வரை நமக்குத் தெரியாது. திருகின் தலையிலிருந்து தட்டின் மீது தொடர்வதாக நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு முறிந்திருந்தால் திருகு சுழன்றிருக்கிறது என்று பொருள். தினமும் காலையில் ஒரு பார்வை போதும். அந்தத் திருகுக்குப் பொருந்தும் ஆலன் சாவியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அத்துடன், கேமராவின் பட்டை வளையத்திலிருந்து தோள்பட்டைக்கு ஒரு மெல்லிய கயிற்றைப் பாதுகாப்புக்காகக் கட்டிவைப்பது நல்லது. கிளிப் தவறினாலும் கயிறு பிடித்துக்கொள்ளும்.

ஒரு பக்கத்தில் அரைக்கிலோ தொங்கினால் உடல் தன்னையறியாமல் மறுபக்கம் சாயும். மறு தோள்பட்டையில் கைபேசியும் பவர் பேங்கும் கொண்ட சிறு பையை மாட்டிச் சமன் செய்யலாம். தண்ணீர்ப் பாட்டிலை எதிரெடையாக வைக்கும் யோசனை அடிக்கடி காதில் விழும். குடிக்கக் குடிக்க அது இலேசாகிவிடும் என்பதைச் சொல்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மார்புப் பவுச். என் முதல் தெரிவு இதுதான். கேமராவை விட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அளவு மட்டுமே பெரிதான, மேல்பக்கம் திறக்கும் உறை ஒன்றை, நான்கு மூலைகளிலும் கொக்கி வைத்து முதுகுப்பையின் தோள்பட்டைகளோடு இணைப்பது. எடை இரண்டு பட்டைகளிலும் சமமாகப் பிரிகிறது. பின்னே இழுக்கும் பையின் பாரத்துக்கு முன்னே ஒரு சிறு எதிரெடையாகவும் அமைகிறது. மேலிரண்டு கொக்கிகள் எடையைத் தாங்கும். கீழிரண்டும் ஆட்டத்தை நிறுத்தும். கீழ்க்கொக்கிகளை வேண்டாம் என்று விட்டுவிட்டால் மீண்டும் அதே ஊசல்தான்.

உயரத்தைச் சரிபார்க்க, நேராக நின்று தலையை மட்டும் குனிந்து உங்கள் பாதங்களைப் பாருங்கள். காலணியின் முனை தெரியவில்லை என்றால் பவுச் கீழே இருக்கிறது, அல்லது மிகவும் பருத்திருக்கிறது. கற்கள் நிறைந்த இறக்கத்தில் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் போவது வெறும் அசௌகரியம் அல்ல, கணுக்காலுக்கு ஆபத்து. பவுச்சின் அடிவிளிம்பு மார்பெலும்பின் கீழ்முனையைத் தாண்டாமல் இருப்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். பையை இறக்கும்போது ஒரு பக்கத்துக் கொக்கிகள் இரண்டை மட்டும் கழற்றுங்கள். பவுச் மற்றத் தோள்பட்டையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே அந்தப் பக்கத்தில் எளிதில் விடுபடும் பிளாஸ்டிக் பக்கிள் இருக்க வேண்டும்.

இதன் குறை வெப்பம். மார்போடு ஒட்டிய உறைக்குப் பின்னே சட்டை நனைந்து, அந்த ஈரம் உறைக்குள்ளும் ஏறும். உறையின் பின்புறம் காற்றோட்டமான வலை இருந்தால் ஓரளவு குறையும். உள்ளே கேமராவை மெல்லிய நீர்புகாப் பையில் வைப்பது உறுதியான வழி. இரண்டு கிலோவை நெருங்கும் கேமரா வைத்திருப்பவர்கள் பவுச்சைவிட, காட்டன் கேரியர் போன்ற, தோள்களையும் முதுகையும் சுற்றி அணியும் மார்புக் கவசத்தைப் பார்க்கலாம். அதை முதுகுப்பையின் பட்டைகளுக்கு அடியில், உடலோடு ஒட்டி அணிவதால், பையைக் கழற்றினாலும் கேமரா உடலிலேயே இருக்கும்.

இடுப்பு. சிறிய கேமராவுக்கு இடுப்புப் பட்டையின் ஜிப் பையே போதும். சட்டைப்பையில் அடங்கும் அளவுள்ள கேமராவுக்கு இதைவிட மேலான இடம் இல்லை. 400 கிராமைத் தாண்டினால் ஏற்றத்தில் தொடை உயரும்போதெல்லாம் முட்டும். பட்டையும் ஒருபுறம் சரியும்.

பையின் உள்ளே. இதை மழைக்கும், கைகளை ஊன்றி ஏறும் பாறைகளுக்கும், ஆற்றைக் கடப்பதற்கும் ஒதுக்குங்கள். வைக்கும்போது முதுகை ஒட்டி, நடுவுயரத்தில், துணிகளுக்கிடையே வையுங்கள். வெளிப்புற வலைப்பையில் திணித்தால் பையைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அடி கேமராவுக்குத்தான்.

ஐந்தாம் படி: செலவில்லாத தொங்கல் முறை

எதையும் வாங்க விருப்பமில்லாதவர், மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள வலுவான நைலான் கயிறு இரண்டு துண்டும் நான்கு சிறு கொக்கிகளும் இருந்தால், எடையைக் கழுத்திலிருந்து இறக்கிவிடலாம். முதுகுப்பையை அணிந்துகொண்டு, தோள்பட்டையின் உச்சியில் சாய்வுப் பட்டை தைக்கப்பட்டிருக்கும் இடத்தில் உள்ள வளையத்தைத் தேடுங்கள். வளையம் இல்லையென்றால் அந்தச் சாய்வுப் பட்டையையே சுற்றிக் கயிற்றைக் கண்ணியாகப் போடலாம். அங்கிருந்து கேமராவின் பக்க வளையம் வரை ஒவ்வொரு கயிறும் வர வேண்டும். கேமரா மார்பெலும்பின் நடுவில், லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்து படுக்குமாறு நீளத்தை அமைத்து முடிச்சிடுங்கள். கண்ணுக்கு உயர்த்திப் பார்க்கும்போது கயிறு இழுத்துப் பிடிக்கக்கூடாது. மேலிருந்து தொங்குவதால் பெரும்பாலும் இழுக்காது.

அடுத்து, மார்புப் பட்டையில் ஒரு மீள்நாடாவை வளையமாகக் கட்டி, நடக்கும்போது லென்ஸை அதற்குள் நுழைத்துவிடுங்கள். ஆட்டம் அடங்கிவிடும். உலோகக் கொக்கி கேமராவின் உடலைக் கீறும் என்பதால், பட்டை வளையத்தில் முதலில் ஒரு துண்டு கயிற்றையோ பட்டைத் துண்டையோ போட்டு, அதில் கொக்கியை மாட்டுங்கள். எல்லாம் முடிந்தபின், கேமராவின் எடையைப்போல் நான்கு மடங்கு வரும்படி நிரப்பிய தண்ணீர்ப் பாட்டில்களை அதே கயிறுகளிலும் கொக்கிகளிலும் ஓர் இரவு தொங்கவிட்டுப் பாருங்கள். முடிச்சு வழுக்குவதாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆறாம் படி: நடைக்கோலும் மூடியும் சுவிட்சும்

எடுக்கும் வேகத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் சிறு பொருள்கள். நடைக்கோல் வைத்திருப்பவருக்கு இரு கைகளும் கிடைப்பதில்லை. இரண்டு கோல்களையும் ஒரே மணிக்கட்டின் வாரில் தொங்கவிட்டு, மற்றக் கையால் கேமராவை எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள். கோலை மரத்தில் சாய்த்துவைத்துப் படம் எடுத்துவிட்டு அதை மறந்து நடந்துவிடுவது மிகவும் பரவலான இழப்பு.

லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் ஐந்து விநாடி போதாது. தெளிவான பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றையும் லென்ஸின் முன்விளிம்பைச் சுற்றி மாட்டும் குட்டையான ஹூடையும் பொருத்திவிட்டு, பகலில் மூடியில்லாமலே நடக்கலாம். படத்தின் தரம் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்தக் கண்ணாடியை ஏற்கமாட்டார்கள். புதர்களின் முட்களுக்கிடையே வெளியில் தொங்கும் லென்ஸுக்கு அது தேவை என்பது என் துணிபு.

சுவிட்சைக் கவனியுங்கள். பவுச்சுக்குள் தானாக ஆன் ஆகும் கேமரா பேட்டரியைக் கரைத்துவிடும். லென்ஸ் வெளியே நீளும் வகைச் சிறிய கேமராக்களில், நீளும் லென்ஸ் உறையின் சுவரில் முட்டி அதன் பற்சக்கரங்கள் பழுதாகவும் கூடும். சுவிட்ச் உள்ள பக்கம் உறையில் தளர்வான இடத்தில் வருமாறு வையுங்கள். தானாக அணையும் நேரத்தை ஒரு நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

ஏழாம் படி: மழை, வியர்வை, குளிர், நீர்

விளம்பரங்களில் தூசியையும் ஈரத்தையும் தாங்கும் என்று சொல்லப்படும் கேமராவும் நீர்புகாத கேமரா ஆகிவிடாது. லென்ஸும் அதே வகையாக இருந்தால்தான் அந்த வாக்குறுதிக்கே பொருள் உண்டு. தூறலில் நடக்கலாம். கனமழை என்றால் டிரை பேக் எனப்படும் நீர்புகாப் பைக்குள் போட்டு வாயை மூன்று முறை சுருட்டி மூடிப் பையின் உள்ளே வையுங்கள். முதுகுப்பையின் வெளிமழையுறையை மட்டும் நம்ப வேண்டாம். முதுகுப் பக்கமாக வழியும் நீரை அது தடுப்பதில்லை.

வியர்வையில் உப்பு இருப்பதால் அது மழைநீரைவிடக் கேடானது. தினமும் மாலையில் சற்றே ஈரமான துணியால் கேமராவின் உடலைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். இரவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பையில் வைத்தால், உள்ளே சேர்ந்த ஈரம் ஓரளவு இறங்கும். நாள்கணக்கில் ஈரமான உறைக்குள்ளேயே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

குளிரில் லித்தியம் பேட்டரியின் வேதிவினைகள் மந்தமாகும். முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரியும் காலியானதுபோல் காட்டும். மாற்றுப் பேட்டரியை உடலோடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். சூடேறியதும் பெரும்பகுதி திரும்பிவிடும் என்பதால், செத்துப்போனதாகத் தோன்றும் பேட்டரியைத் தூக்கி எறிய வேண்டாம். கேமராவை மட்டும் உடைக்குள் வைத்துச் சூடேற்றாதீர்கள். குளிர்ந்த கருவி வெதுவெதுப்பான ஈரக்காற்றைச் சந்தித்தால் கண்ணாடியில் நீர்த்துளி படியும். தங்குமிடத்துக்குள் நுழையும் முன், வெளியிலேயே அதை ஜிப் லாக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, அறையின் வெப்பத்துக்கு வந்தபிறகு திறவுங்கள். மெமரி கார்டை முதலிலேயே வெளியே எடுத்துவைத்துக்கொண்டால் அந்த ஒரு மணி நேரப் பொறுமையின்மை தவிரும்.

ஆற்றைக் கடக்கும்போது ஒரு விதியை மட்டும் மீற வேண்டாம். நீரில் இழுக்கப்பட்டால் பையை உடனே உதறிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் முன்கூட்டியே கழற்றிவிடுகிறோம். இரு தோள்பட்டைகளையும் பிணைத்திருக்கும் மார்புப் பவுச்சும், தொங்கல் கயிறும் அதைத் தடுக்கும். கரையிலேயே அவற்றைக் கழற்றி, கேமராவை டிரை பேக்கில் மூடி முதுகுப்பைக்குள் வைத்துவிட்டு இறங்குங்கள்.

எட்டாம் படி: மின்சாரமும் சேமிப்பும்

எத்தனை பேட்டரி என்பதைக் கணக்கிட, மில்லியாம்பியர்-மணியைப் பாராமல், சேமித்த ஆற்றலின் அளவான வாட்-மணியைப் பாருங்கள். 10,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க் என்பது 3.7 வோல்ட்டில் 37 வாட்-மணி. மாற்றத்தில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் ஏறத்தாழ 24 வாட்-மணி கையில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 7.2 வோல்ட், 1,020 மில்லியாம்பியர்-மணி கொண்ட சிறிய கேமரா பேட்டரி 7.3 வாட்-மணி என்பதால், மூன்று முறை நிரப்பலாம். கைபேசியும் அதிலிருந்தே உண்ணும் என்பதை மறக்கக்கூடாது. யுஎஸ்பி வழியாகவே சார்ஜ் ஏறும் கேமரா என்றால் தனிச் சார்ஜரை விட்டுவிடலாம். பெரும்பாலான கேமராக்கள் அணைந்திருக்கும்போது மட்டுமே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கையும் உதிரிப் பேட்டரிகளையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை என்பது பொது விதி.

கார்டுகளைப் பொறுத்தவரை, பெரிதாக ஒன்றைவிட நடுத்தரமாக இரண்டு மேல். நிரம்பியதைக் கேமராவிலிருந்து தள்ளி, பணமும் அடையாள ஆவணங்களும் இருக்கும் பையில் வையுங்கள். கேமரா தொலைந்தாலும் படங்கள் தொலையாது.

ஒன்பதாம் படி: புறப்படும் முன் ஓர் ஒத்திகை

எல்லாவற்றையும் மாட்டி, முழு எடையோடு, பயணத்தில் அணியப்போகும் அதே சட்டையோடு குறைந்தது இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள். வழியில் படிக்கட்டு இருக்க வேண்டும். குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டுங்கள், தரையில் உட்கார்ந்து எழுங்கள், பையைக் கழற்றி மீண்டும் மாட்டுங்கள், மழைச்சட்டையை எல்லாவற்றுக்கும் மேல் அணிந்து பாருங்கள். கைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டுக் கேமராவை எடுத்து ஒரு படம் எடுங்கள். ஐந்து விநாடியைத் தாண்டினால் எது தடுக்கிறது என்று பாருங்கள்; இறுகிய ஜிப்பாகவோ, மூடியாகவோ, கோலின் வாராகவோதான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் தோள்களைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சிவந்திருந்தால் எடை சமமாக இல்லை.

பயணம் தொடங்கியபின்னும் இந்தச் சரிசெய்தல் முடிவதில்லை. உணவு குறையக் குறையப் பை இலேசாகி முன்பக்க எடை அதிகமாகத் தெரியும். தோள்பட்டைப் பஞ்சும் படிந்து பட்டைகள் தளரும். மூன்றாம் நாள் மாலையில் எல்லாப் பட்டைகளையும் மறுபடி இறுக்குங்கள். அதுவரை ஒருமுறைகூடப் பையிலிருந்து வெளியே வராத லென்ஸோ வடிகட்டியோ இருந்தால், அடுத்து வரும் ஊரின் அஞ்சலகத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.